கூடுதல் ஓட்டுநர்

1

இந்தக் கதை என் வலது தோள்பட்டையிலிருந்து வந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு மூலம் எதுவும் இல்லை. மூன்று மாதமாகக் கை தலைக்கு மேல் எழும்பவில்லை. சட்டை மாட்டுவதே பெரும்பாடாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார். மடக்கு மேஜையை விரித்து, என்னைக் குப்புறப் படுக்கவைத்து, கையை அது போக விரும்பாத பக்கமெல்லாம் இழுத்துக்கொண்டு போவார். எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுகிறோம். கதையிலும் அவர் மேடம்தான்.

"போன ஞாயித்துக்கிழமை கார் பாக்கப் போயிருந்தோம் சார்" என்று ஆரம்பித்தார். நான்கு அமர்வுகளில் சொல்லி முடித்தார். அந்த நான்கு அமர்வும் நான் தரையைப் பார்த்தபடி கிடந்தேன். ஆகவே இதில் மேடத்தின் முகம் எங்கே மாறியது, எங்கே மாறவில்லை என்று நான் எழுதினால் நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்தது அவர் குரலும் கட்டைவிரலும்தான்.

எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதிக்கங்க. ஆனா படிக்கிறவங்களுக்கு எங்க வீட்டுக்காரர் மேல ஐயோ பாவம்னு தோணிடக் கூடாது."

சரி என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த பகுதியிலேயே அதை மீறப்போகிறேன்.

2

முதலில் எழுதிய ஆரம்பம்:

மேலாளர் கார் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது மழை —

(மழை பெய்யவில்லை. வேலை போனவன் தலையில் மழையைக் கொட்டுவது கதை எழுதுகிற எங்களுக்கெல்லாம் ஒரு கெட்ட பழக்கம். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது ஆரம்பம்:

மேலாளர் ஒன்பது வருடத்தில் மூன்று பெரிய கார்கள் ஓட்டினார். மூன்றில் ஒன்றுகூட அவருடையது இல்லை.

இது நிற்கும். மேலாளர் என்பவர் மேடத்தின் கணவர்; மருத்துவமனைகளுக்குக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்தில் மண்டல மேலாளர். 'முன்னாள்' என்று போடச் சொன்னார் மேடம். நான் போடவில்லை, அந்த ஒரு சொல்லையாவது அந்த மனுஷனிடம் விட்டுவைப்போம் என்று தோன்றியது. (பார்த்தீர்களா, வாக்கு போயிற்று.)

நிறுவனம் அவருக்குக் காரை லீஸில் எடுத்துக் கொடுத்தது. மூன்று வருடம் ஓட்ட வேண்டும், திருப்பிக் கொடுக்க வேண்டும், புதிதாக ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். சர்வீஸ், டயர், காப்பீடு எதுவும் அவர் கவலை இல்லை. திருப்பிக் கொடுக்கும் நாளில் லீஸ் நிறுவனத்து ஆள் ஒரு அட்டையோடு வந்து காரைச் சுற்றி நடப்பார். பெரிய கீறல் என்றால் குறித்துக்கொள்வார். சின்னது என்றால் "நியாயமான தேய்மானம்தான் சார், விடுங்க" என்பார்.

கடைசிக் காரையும் அப்படித்தான் சுற்றி வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஓட்டிக்கொண்டு போனார்கள். இந்த முறை பதிலுக்கு வேறு கார் வரவில்லை. மேலாளரின் பதவியையே எடுத்துவிட்டார்கள். (இந்த இடத்தில் தேய்மானத்தையும் மேலாளரையும் சேர்த்து ஒரு வரி எழுதியிருந்தேன். நீங்களே போட்டுக்கொண்டிருப்பீர்கள் என்பதால் எடுத்துவிட்டேன்.)

3

வேலை போன இரண்டாம் மாதம் மேலாளர் கார் வாங்கக் கிளம்பினார். கையிலிருந்த தொகைக்கு இரண்டு வழிதான். ஒரு சின்னப் புதுக் கார். அல்லது ஏழு வருடம் ஓடிய பெரிய அதிகாரி வண்டி.

"சின்னதே போதுங்க. பின் சீட்ட மடக்கினா என் மேஜை உள்ள போயிடும்" என்றார் மேடம்.

"ஆலோசகர்னு சொல்லிட்டு நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்கணும். வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி முதல்ல வண்டியத்தான் பாக்குறான்."

"பழைய வண்டிக்கு ரிப்பேர் வந்தா?"

"பாத்து வாங்குவோம்ல."

மேலாளருக்குக் காரைப் பற்றித் தெரியும் என்பது உண்மை. பழைய பெரிய வண்டி வாங்கும்போதுதான் பழைய விலை, உதிரிபாகத்துக்குப் புது வண்டி விலை என்பதும் தெரியும். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருந்து, மீட்டர் மட்டும் நாற்பதாயிரம் காட்டினால் எழுந்து வந்துவிட வேண்டும் என்று தெரியும். போன உடனே பானெட்டைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால் விற்பவர் முன்கூட்டியே எஞ்சினை ஓடவிட்டுச் சத்தத்தை மறைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஆனால் அவருக்கு வாய்த்த தலைவலி வேறு. பழைய கார் விற்கும் முதல் யார்டில் ஒரு வண்டி பிடித்திருந்தது.

"இத யார் ஓட்டினாங்க?" என்று கேட்டார்.

"ஒரே கை சார். கம்பெனி வண்டி. ஒரு மேனேஜர் ஓட்டினாரு. பூ மாதிரி வச்சிருந்தாரு" என்றார் யார்டுக்காரர்.

மேலாளர் பானெட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். தான் எப்படி வைத்திருந்தோம் என்று அவருக்குத் தெரியாதா? காலையில் எஞ்சின் குளிர் விடுவதற்குள் நூறில் பறந்தவர் அவர். வேகத்தடையில் பிரேக்கைத் தொட்டதில்லை. டயருக்குக் காற்று அடிக்கச் சொல்லி விளக்கு எரிந்தால், எரியட்டும், அடுத்த மாதம் வண்டி போகப்போகிறது என்று விட்டவர். நம்ம வண்டியா என்ன என்று சக மேலாளர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். இப்போது அவர் பணத்துக்குள் அடங்கும் பெரிய வண்டிகள் எல்லாமே லீஸ் முடிந்து வந்தவை. தன்னைப் போன்ற ஒருவன் கை படாத வண்டி வேண்டும் என்று யார்டு யார்டாக அலைந்தார். அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. மேடம் சொன்னபோது அவரும் சிரித்தார். இரண்டு சிரிப்பும் ஒன்றல்ல என்று மூன்றாவது அமர்வில்தான் புரிந்தது.

4

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை இது மேலாளரின் கதை. அவர் அலைகிறார், அவர் தொட்டுப் பார்க்கிறார், அவர் கையை எடுத்துவிடுகிறார். மேடம் ஒரு மேஜையோடு ஓரமாக நிற்கிறார். நான் திட்டமிட்டு இப்படிச் செய்யவில்லை. பேனா தானாக அந்தப் பக்கம் போயிற்று. இனி மேடத்தைப் பற்றி.

முதல் லீஸ் கார் வந்த வருடம் மேடம் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து பழகினார். முதல் தேர்விலேயே தேறி உரிமம் வாங்கினார். அன்று மாலையே கணவரிடம் கேட்டார்.

"காலைல நீங்க ஆபீஸ்ல இருக்கற நேரம் வண்டி சும்மாதான நிக்குது. நான் எடுத்துட்டுப் போயிட்டு வரட்டுமா?"

"லீஸ் வண்டிம்மா. பேர்ல இருக்கறவங்க மட்டும்தான் தொடணும். ரூல்ஸ் அப்படி."

மேடம் ரூல்ஸை மதிப்பவர். அதற்கப்புறம் கேட்கவில்லை. மேஜை பதினாறு கிலோ. தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து ஏறினார். இடுப்பு அறுவை முடிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், என்னைப் போன்ற தோள்பட்டைக்காரர்கள் என்று ஒரு நாளைக்கு நான்கு வீடு. படியில் நிற்கும்போது, "பெட்டிய நகத்துங்கம்மா" என்று யாராவது சத்தம் போடுவார்கள். எப்போதாவது தன் வழியில் இருந்தால் மேலாளர் அவரை இறக்கிவிடுவார். மேடம் இறங்கும்போது நன்றி சொல்வாராம். கணவனுக்கு நன்றி சொன்னதை நினைத்தால் இப்போது உடம்பு எரிகிறது என்றார், என் தோளைப் பிடித்தபடியே. எனக்கும் எரிந்தது, வேறு காரணத்தால்.

5

நான்காவது யார்டு. மேடமும் கூடப் போனார், மேஜையோடு. டிக்கி எவ்வளவு ஆழம் என்று வாயால் சொன்னால் அவர் நம்புவதாக இல்லை.

அடர்சாம்பல் நிற வண்டி, ஏழு வருடம். மேலாளர் பானெட்டைத் தொட்டார், குளிர்ந்திருந்தது. ஸ்டீயரிங் கைபட்டுத் தேய்ந்து பளபளக்கவில்லை. மிதி ரப்பரில் கோடுகள் அப்படியே இருந்தன. எஞ்சின் ஒரே திருகில் பிடித்தது. நான்கு வாரத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. (இது நான் இட்டுக்கட்டியது. ஆனால் வந்திருக்கும்.)

பின்னால் மேடம் மேஜையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டிக்கி ஆழம்தான், வாய் குறுகல். நேராகப் போகவில்லை. சாய்த்து, மேஜையின் காலை ஒருபக்கம் திருப்பி, கடைசியில் உள்ளே தள்ளிவிட்டார்.

"போயிடுச்சுங்க" என்றார்.

"நான்தான் சொன்னேனே."

மேலாளர் யார்டுக்காரரோடு கியர் எண்ணெய் மாற்றியது எப்போது என்று பேசப் போனார். வெயிலாக இருந்ததால் மேடம் முன் சீட்டில், இடப்பக்கமா வலப்பக்கமா — (எந்தப் பக்கம் என்று எழுதினால் எந்த நாடு என்று தெரிந்துவிடும். ஓட்டாதவர்கள் உட்காரும் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) — உட்கார்ந்தார். சும்மா முன்னாலிருந்த டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தார். சர்வீஸ் புத்தகம், அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் உறையில் பழைய லீஸ் காகிதங்கள். மேலே இருந்த லீஸ் நிறுவனத்தின் சின்னம் அவருக்குப் பழக்கமானது. தன் வீட்டு அலமாரியிலும் அதே சின்னம் போட்ட மூன்று கோப்புகள் உண்டு.

மூன்றாவது தாள்: கூடுதல் ஓட்டுநர் ஒப்புதல் படிவம்.

ஊழியரைத் தவிர வண்டியை ஓட்ட அனுமதிக்கப்படுபவர்: ஒரு பெண்ணின் பெயர், நீல மையில். ஊழியருக்கு உறவு: மனைவி. கட்டணம்: இல்லை. கீழே இரண்டு கையெழுத்து.

அவ்வளவுதான். ஒரு தாள். நிரப்ப ஐந்து நிமிடம் ஆகும் என்று மேடம் கணக்குச் சொன்னார்.

6

இதற்கு நான் எழுதிய முடிவுகளை மறைக்காமல் வைக்கிறேன்.

முதல் முடிவில் மேடம் படிவத்தை நீட்டுகிறார், மேலாளர் தலைகுனிந்து சாவியைக் கொடுக்கிறார், மேடம் வண்டியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் பறக்கிறார். குப்புறக் கிடந்தபடி அவரிடமே வாசித்துக் காட்டினேன்.

"லைசென்ஸ் போன வருஷமே முடிஞ்சிடுச்சு சார். எதுக்குன்னு புதுப்பிக்காம விட்டுட்டேன்."

இரண்டாம் முடிவில் அவர் மேஜையை டிக்கியிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறார்.

"பதினாறு கிலோ சார். கோவம் வந்தா எடை குறைஞ்சிடாது."

மூன்றாம் முடிவில் மேலாளர் அழுகிறார். வாசித்து முடித்ததும் மேடம் என் கையை வழக்கத்தைவிட நாலு விரற்கடை அதிகமாக மேலே தூக்கினார். நான் கத்தினேன். அந்த முடிவையும் கைவிட்டேன்.

நடந்தது இது. மேடம் கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டார்.

"ஏங்க, கொஞ்சம் வாங்க. இது உங்க கம்பெனியிலயும் குடுத்தாங்களா?"

மேலாளர் குனிந்து தாளைப் பார்த்தார். யார்டுக்காரர் யாருக்கோ போன் பேசுவதுபோல் தள்ளிப் போனார்.

தெரியாது என்று மேலாளர் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டது என்றும் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். முதல் காரோடு வந்த அந்தப் படிவம், மேடம் உரிமம் வாங்கிய வாரம் அவர் கையில் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்து, பேனாவின் மூடியைக்கூடத் திறந்துவிட்டார். இதை நிரப்பினால் நாளை முதல் வண்டியை நான் கேட்டு வாங்க வேண்டியிருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. மூடியைப் போட்டுவிட்டார். மூன்று வருடம் கழித்து இரண்டாவது காரோடு இன்னொரு படிவம் வந்தது. அப்புறம் மூன்றாவது. அந்த இரண்டு முறையும் பேனாவை எடுக்கவே இல்லை.

(இது மேடம் சொன்னதல்ல. அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டில் எழுதக்கூடியவர்கள் இரண்டு பேர் இருந்தோம். எழுத்து மேஜை ஒன்றுதான், அதில் உட்கார்ந்தவன் நான். இதற்கு மேல் கேட்காதீர்கள்.)

மேலாளர் நிமிர்ந்தார்.

"தெரியும்" என்றார். "ஆனா நீ அப்புறம் கேக்கவே இல்லையே."

7

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று தரையைப் பார்த்தபடி கேட்டேன்.

"சொன்னேன் சார். அது உங்க கதைக்கு இல்ல."

அமர்வு முடிந்தது. மேஜையை மடக்கினார், போனார். அந்த ஒரு வரியை நானே எழுதிவிடலாம் என்று மூன்று நாள் உட்கார்ந்தேன். மேடம் வாயைத் திறக்கிறார். உடனே மேலாளர் குறுக்கே வந்து விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறார். வேலை போனது, வயது, வாசல் செக்யூரிட்டி, இத்தனை வருடம் யாருக்காக உழைத்தேன் என்பது, எல்லாம் சரளமாக வருகிறது, நல்ல தமிழில். பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். அவர் மேல் உங்களுக்குப் பாவம் வந்துவிடும், அவ்வளவு நன்றாக இருக்கிறது. அதனால்தான் இங்கே சேர்க்கவில்லை.

ஆகவே மேலாளரை அந்த வரியோடு நிறுத்திவிட்டு, நானும் எழுந்துகொள்கிறேன். மேடம் இன்னும் முன் சீட்டில் இருக்கிறார், தாள் மடியில் இருக்கிறது, அவர் பேசப்போகிறார். நீங்கள் கேளுங்கள். நாங்கள் இரண்டு பேரும் குறுக்கே பேச மாட்டோம்.