முன்னதாகப் போட்ட கையெழுத்து

கருவி மூட்டைகளை லிஃப்டில் மேலே அனுப்பிவிட்டு மிஷின் தட்டைத் துடைக்கும்போதுதான் சோதனைச் சீட்டு அவள் கண்ணில் பட்டது. நீராவியில் வெந்து கறுத்திருக்க வேண்டிய சீட்டு, வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஆபரேஷன் கருவிகளில் கிருமி சாகவில்லை. மேலே ஒரு பெண்ணுக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுக்கப் போகிறார்கள்.

அந்த ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் அவளை முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'பரிசுத்தம்'. ஞானஸ்நானம் எடுத்த பதினாறு வருஷமாக ஒரு பொய் லீவு கிடையாது, புறணி பேசும் கூட்டத்தில் ஒரு நிமிஷம் நின்றது கிடையாது. கர்த்தருக்கென்று பிரிக்கப்பட்டவள் உலகத்தோடு ஒட்டக்கூடாது என்பாள். சீட்டைப் பார்த்த பிறகுதான் லேபிளில் கையெழுத்துப் போட வேண்டும். முன்னதாகவே போட்டு வைத்த, கூட வேலை பார்க்கும் மீசைக்காரரைப் போன மாதம் மேலிடத்தில் காட்டிக் கொடுத்தவளும் இவளேதான். மனுஷன் சஸ்பெண்ட் ஆகி ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்தார்.

இன்றைக்கு அதையே இவள் செய்திருந்தாள். எதற்கு? மத்தியான ஜெபத்துக்குக் கால் மணி நேரம் மிச்சம் பிடிக்க! துணி அலமாரிக்குப் பின்னால் முழங்காலில் நின்று, 'என்னைக் கறைப்படாமல் காத்துக்கொள்ளும் ஆண்டவரே' என்று உருகிக்கொண்டிருந்தபோது, இங்கே மிஷின் சூடேறாமலே நின்றிருக்கிறது. நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

மீசைக்காரர் பின்னால் வந்து நின்றிருந்தார். சீட்டையும் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார். இப்போது கைகொட்டிச் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"சீட்டக் கீழ போட்டுரு அக்கா. நான் எதையும் பாக்கல."

"அண்ணே, மேல அந்தப் பொண்ணு..."

"அதான் ஊசி மருந்தெல்லாம் போடுவாங்கல்ல? பத்துல ஒம்போது தடவ ஒண்ணும் ஆகாது. உனக்கு வேல போனா திரும்பக் கிடைக்குமா? தப்பு எல்லாருக்கும் வர்றதுதான். இனிமே நீயும் எங்கள்ல ஒருத்தின்னு நெனச்சுக்கோ."

அதட்டியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பாள். அவர் குரலில் இருந்த கனிவுதான் அவளை ஆட்டியது. சீட்டைக் கசக்கினால் ஒரு பிடிகூட வராது. கை மடங்கவும் செய்தது. பிறகு, எங்கே மனசு மாறிவிடுமோ என்ற பயத்தில், ஓடிப் போய் ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டாள்.

"அந்த மூட்டையப் பிரிக்காதீங்க சிஸ்டர்!"

"எப்பவோ பிரிச்சாச்சேக்கா. டாக்டர் கையில எடுத்துட்டாரு."

"மூட்டைக்குள்ளயும் ஒரு சீட்டு இருக்குமே, அதப் பாத்தீங்களா?"

"உங்க கையெழுத்துதானே போட்டிருக்கு? உங்களுது இருந்தா நாங்க உள்ள பாக்குறதே இல்லையேக்கா."

அந்த நம்பிக்கை அவளை அறைந்தது. "பாக்காமயே போட்டேன்," என்றாள். "நான்தான். பாக்காமயே போட்டேன். கருவி வேகல. நிறுத்தச் சொல்லுங்க!"

போன் வைக்கப்படவில்லை, மேஜைமேல் எறியப்பட்டது. யாரோ கத்துவது கேட்டது. கருவிகள் மொத்தமாகத் தட்டில் கொட்டும் சத்தம். இந்தப் பக்கம் மீசைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

இரைச்சல் அடங்கியதும், இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், விழித்தபடி படுத்திருக்கும் அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க? எம் புள்ளைக்கு என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்..."

இவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.