மாடிவீட்டுச் சிக்கனம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, மச்சினியிடமிருந்து சுட்டது. மின்மீட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிப்பது அவள் வேலை. சாப்பிடும்போது சொன்னாள்; கை காய்வதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: ‘இருட்டில் மீட்டரின் சிவப்பு விளக்கு ரத்தத்துளி போல—’

வேண்டாம். நடந்தது பட்டப்பகலில்.

2

கீழ்வீட்டில் ஒரு தையற்காரர். மாடியில், கேக் செய்து விற்கும் அவருடைய அக்கா. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. “என் பில்லப் பாரு, உன் பில்லப் பாரு. சிக்கனம்னா என்னன்னு எங்கிட்ட கத்துக்க!” என்று அக்கா செய்த உபதேசம் தாங்காமல் தம்பி வாயைப் பூட்டிக்கொண்டார். அக்காவுக்கும் ரோஷம், இறங்கி வருவதை நிறுத்திவிட்டார். தம்பி மீட்டர் மீது புகார் கொடுத்தார். வந்தவள் என் மச்சினி.

[வில்லன் மீட்டர்தான் என்று இங்கே எழுதியிருந்தேன். “அத்தான், உங்க கதைல கொலைகாரன் யாரா வேணா இருக்கட்டும். சோதிக்காம மீட்டர் மேல பழி போடாதீங்க” என்றாள். அடித்துவிட்டேன்.]

3

துல்லியமானது என்று ஏற்கெனவே உறுதிசெய்த இன்னொரு மீட்டரைப் பெட்டியில் கொண்டுபோவாள். ஒரே மின்சாரம் இரண்டின் வழியாகவும் ஓடும். குறிப்பிட்ட அளவு செலவாகும்போதெல்லாம் சுவர் மீட்டரின் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும். சிமிட்டலும் பெட்டிக் கணக்கும் ஒத்துப்போனால் மீட்டர் உத்தமன்.

ஒத்துப்போனது.

அடுத்து, மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னாள். செலவே இல்லாதபோது சிமிட்டக் கூடாது. தையற்காரர் அணைத்தார். மெஷின் நின்றது. ஃபேன் நின்றது.

விளக்கு சிமிட்டியது!

[வாரப் பத்திரிகையாக இருந்தால் இந்த இடத்தில் உங்களைத் தவிக்க விட்டிருப்பேன்.]

4

“பாத்தீங்களாம்மா? எங்கக்கா திருட்டு ஒயர் இழுத்துருக்கு!”

“கொஞ்சம் இருங்கண்ணே.” மச்சினி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “அக்கா! எல்லாத்தையும் ஒரு நிமிஷம் அணைங்க!”

“ஓவன்ல கேக் இருக்கும்மா!”

“ஒரே நிமிஷம்க்கா!”

சிமிட்டல் நின்றது. தம்பி முகத்தில் ஆயிரம் வாட்ஸ்.

மச்சினி விடவில்லை. கீழ்வீட்டு மெயினைத் திரும்பப் போட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கச் சொன்னாள். மாடியில் எல்லாம் அணைந்தே இருக்க, இப்போது சிமிட்டியது பக்கத்திலிருந்த அக்காவின் மீட்டர்.

மீட்டர் சுவரில் பூச்சு வேலை நடந்தபோது கழற்றிய ஒயர்களை எலக்ட்ரீஷியன் மாற்றி முடுக்கியிருக்கிறார். இவர் செலவு அவர் மீட்டரில்; அவர் செலவு இவர் மீட்டரில்.

என்ன நடக்கிறது என்று பார்க்க வந்த அக்கா மாடிப்படியில் நின்றார்.

“அப்ப… இத்தன நாளா அந்தச் சிக்கனம்…”

“என்னோடதுக்கா!”

கத்திய பிறகுதான் தம்பிக்கே உறைத்தது, அக்காவிடம் பேசிவிட்டோம் என்று.

5

“அப்புறம்?”

“அப்புறமென்ன, ஒயர மாத்தி, சீல் வச்சுட்டு வந்துட்டேன் அத்தான். குடும்ப விஷயத்துல நமக்கென்ன வேல?”

பாவி!

அக்கா இறங்கிவந்து காதைத் திருகினார் என்று முடித்தேன், சினிமா. விறுக்கென்று மாடிக்குத் திரும்பினார் என்று முடித்தேன், மனசு வரவில்லை. கருகின கேக்கை இருவரும் சேர்ந்து—

உங்களுக்கும் ஓர் அக்கா இருப்பார். அவரை அந்தப் படியில் நிறுத்துங்கள். தம்பி அண்ணாந்து பார்க்கிறார். சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. அக்கா ஒரு படி இறங்கிவிட்டார், வாயையும் திறந்துவிட்டார். முதல் வார்த்தையை மட்டும் நான் போட்டுவைக்கிறேன்:

“டேய்…