கரகரக்கிற போன்

அந்தப் போனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றால் யாருக்கும் சட்டென்று வாய் வராது. குறை சொல்லச் சொன்னால் மூச்சு விடாமல் சொல்லலாம். கேமரா என்று பேருக்கு ஒன்று இருந்தது. அதில் படம் எடுத்தால் மாப்பிள்ளையும் ஒன்றுதான், மாட்டுக்கொட்டகையும் ஒன்றுதான். எட்டாம் நம்பர் பட்டனை நகத்தால் குத்தினால்தான் அழுந்தும். எதிர்முனையில் பேசுகிறவர் கிணற்றுக்குள் விழுந்துவிட்டாரோ என்று நமக்குக் கவலை வந்துவிடும். இதெல்லாம் போதாதென்று, ஒருநாள் பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் முங்கி எழுந்ததிலிருந்து, பாட்டுப் போட்டால் ஸ்பீக்கர் கரகரக்கும். பாடுகிறவரோடு தொண்டை கட்டிய ஆள் ஒருவரும் சேர்ந்து பாடுவதுபோல ஒரு சத்தம்.

சரி, நிறை என்னவென்று பார்ப்போம். பாட்டுக்கென்றே பக்கவாட்டில் தனிப் பட்டன். மாவுக் கையோடு முழங்கையால் இடித்தாலும் பாடும். மெமரி கார்டு நிறையப் பழைய பாட்டு, எல்லாம் அம்மா சொல்லிச் சொல்லி ஏற்றி வைத்தவை. சில்வர் டம்ளருக்குள் நிறுத்திவிட்டால் வீடு பூராவும் கேட்கும். அவ்வளவுதான், தீர்ந்தது.

ஆனால் பெரியவள் இதையெல்லாம் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கிற நிலையில் இல்லை. அந்தப் போனால் அவளுக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றே ஒன்று. அம்மா செத்துப்போனது சின்னவனுக்குத் தெரியாமல் அது பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரியவள், சின்னவன் என்பதெல்லாம் அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்துப்போன பெயர்கள். சின்னவன் என்று பெயர்தானே தவிர, அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. நின்றால் வாசல் அடைபடும். பிறக்கும்போது மூச்சு முட்டியதில் மூளை பாதி வழியில் நின்றுவிட்டது, பேச்சு வரவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து நூல்கண்டைப் பிரிப்பான், மறுபடி சுற்றுவான், அதுதான் அவன் உத்தியோகம். அடுப்படிக்குள் மட்டும் வரமாட்டான். சிறு வயதில் கொதிக்கிற பாத்திரத்தை இழுத்துக் கையைச் சுட்டுக்கொண்டான். அன்றைக்கு அம்மா போட்ட சத்தத்தில் அந்தப் பக்கம் கால் வைப்பதையே விட்டுவிட்டான். அம்மா உள்ளே போனைப் பாடவிட்டுச் சமைப்பாள், பெரியவள் தட்டில் போட்டு எடுத்துப்போய்க் கொடுப்பாள். அவன் அடுப்படிச் சுவரைப் பார்த்தபடியே சாப்பிடுவான். வருஷக்கணக்காக இதுதான் வழக்கம்.

போன மழைக்காலத்தில், நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்று காலையில் தானே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா, பொழுது சாய்வதற்குள் இல்லாமல் போனாள். அங்கிருந்தே கொண்டுபோய் எல்லாம் முடித்துவிட்டார்கள். வீட்டுக்கு எடுத்து வந்தால் சின்னவனை யார் சமாளிப்பது என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்தார்கள். பெரியவளுக்கு அன்று எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. திரும்பி வந்து பார்த்தால் அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். வீடு கிடந்த கிடையில் அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் அவள் அடுப்படிக்குள் போய்ப் போனைப் போட்டாள். அது கரகரத்துப் பாட ஆரம்பித்ததும் சின்னவன் வாசலை விட்டான், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், சாப்பிட்டான்.

அன்றைக்குத் தொடங்கிய வழக்கம்தான் இது. அவனைப் பொறுத்தவரை அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள், வெளியே வர நேரமில்லை. பெரியவள் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். தையல் கம்பெனிச் சட்டைகளை வீட்டுக்கே வாங்கி வந்து கூலிக்குப் பட்டன் வைத்துக் கொடுத்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள், "அவனுக்கென்ன, ஒண்ணும் தெரியாது. குடுத்து வச்சவன்," என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் உள்ளுக்குள் அதையேதான் அவளும் கும்பிடாத சாமியிடமெல்லாம் வேண்டினாள், அவனுக்குத் தெரியவே வேண்டாம் என்று. ஒருத்தி அழுதால் போதாதா?

ஒருத்தி அழுதால் என்று சொல்கிறேனே, அவள் எங்கே அழுதாள். அழலாம் என்றால் கூடம் அவனுடையது, அடுப்படியும் உள்ளறையும் அம்மாவுடையவை.

இப்போது அந்தப் போன் சார்ஜ் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒயரை ஒருமாதிரி வளைத்து, மேலே பூண்டு இடிக்கிற கல்லைத் தூக்கி வைத்தால் கொஞ்சம் ஏறும். ஒருநாள் மதியம் பாதிச் சாப்பாட்டில் பாட்டு நின்றுபோனது. சின்னவன் வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினான். சுவரைப் பார்த்தான். தட்டைத் தள்ளிவிட்டு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்தான். பெரியவள் அடுப்படிக்கு ஓடினாள். கல்லை வைத்து, ஒயரை முறுக்கி, எப்படியோ அன்றைக்கு ஒப்பேற்றினாள்.

மறுநாள் பெரிய போன் கடைக்குப் போனாள். விற்கிற பெண் சின்னப் பெண்ணாக இருந்தாலும் வாய்க்குக் குறைவில்லை.

"எதுக்குக்கா யூஸ் பண்ணப் போறீங்க?"

"பாட்டு கேக்க. சத்தமா கேக்கணும்."

"அப்போ இதப் பாருங்க. ரெண்டு ஸ்பீக்கர், ஒரு சின்ன மூச்சுச் சத்தம்கூட விடாம கேக்கும். தண்ணியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது."

"இதுல குறையே இல்லையா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். நல்ல பெண், பொய் சொல்லவில்லை. "கார்டு போட முடியாதுக்கா. அது ஒண்ணுதான். இப்பல்லாம் யாரு கார்டு போடறா, எல்லாம் நெட்லயே கேட்டுக்கறாங்க."

அந்த ஒன்றுதானே அவளுக்கு வேண்டியது. அம்மா ஏற்றிய பாட்டுகள், அம்மா வைத்த வரிசை. ஒரு பாட்டு முடிந்தால் அடுத்தது எது என்று சின்னவனுக்குத் தெரியும்; அது வருவதற்கு முன்னாலேயே தலையை ஆட்டத் தொடங்குவான். அந்த வரிசையில்தான் அவன் உயிர் இருக்கிறது என்று பெரியவள் நினைத்திருந்தாள். நினைத்ததில் தப்பும் இல்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அதனால் ரிப்பேர்க்காரரிடம் போனாள். ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கிற கடை. அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை மியூசியத்துல குடுத்தா மாலை போட்டு வாங்கிக்குவாங்கம்மா."

அவள் சிரிக்கவில்லை. "சார்ஜ் மட்டும் ஏறினாப் போதும்ணே. உள்ள இருக்கற பாட்டு ஒண்ணுகூட மாறக்கூடாது. என் தம்பிக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அவனுக்கு விவரம் பத்தாது. எங்க அம்மா தவறிட்டாங்க. இது பாடினா அம்மா உள்ள இருக்காங்கன்னு சாப்பிடறான்."

இதை அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை. முன்பின் தெரியாத மனிதரிடம், அதுவும் வாசலில் நின்றபடியே, எப்படி வாய் வந்ததோ. ரிப்பேர்க்காரர் கேலியையெல்லாம் மூட்டை கட்டி வைத்தார். "ஒரு பாட்டு மாறாதும்மா. என் பொறுப்பு. உட்காருங்க, இப்பவே பாக்கறேன்," என்று அவளுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

சார்ஜ் ஏறுகிற இடத்தை மாற்றினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதருக்கு மனசு கேட்கவில்லை. போனைக் கொடுக்கும்போது கூச்சத்தோடு சொன்னார்.

"நானா ஒண்ணு செஞ்சேம்மா. ஸ்பீக்கர் கிழிஞ்சு கிடந்துச்சு. பாவம், அந்தப் புள்ள இத்தனை நாளா இதையா கேட்டுச்சுன்னு இருந்துச்சு. புதுசு போட்டுட்டேன். அதுக்குக் காசு வேணாம்."

பாடவிட்டுக் காட்டினார். பெரியவள் அசந்துபோனாள். பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டு, அதற்கு அடியில் ஒரு புல்லாங்குழல் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. கண் கலங்க அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். சின்னவனுக்கு நல்லது ஒன்று கொடுக்கப்போகிறோம் என்று அவள் சந்தோஷப்பட்டு எத்தனை காலமாயிற்று.

அடுப்படிக்குள் போனாள், போனை டம்ளரில் நிறுத்தினாள், பக்கவாட்டுப் பட்டனை அமுக்கினாள். பாட்டு பளிங்கு மாதிரி வந்தது. கூடத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

சின்னவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். அவளைப் பார்த்தான், பாடுகிற டம்ளரைப் பார்த்தான். வேற்று ஆள் யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல முகம் சுருங்கியது. அவளுக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது. பாட்டு எங்கே வேண்டுமானாலும் பாடும், பக்கத்து வீட்டிலும் பாடும், பஸ்ஸிலும் பாடும். கரகரப்பு மட்டும்தான் அம்மா. தண்ணீரில் போட்டு, துடைத்து, "சும்மா இரு சனியனே" என்று திட்டிக்கொண்டே அம்மா கேட்ட அந்தச் சத்தம்தான் அவனுக்கு அம்மா.

அவன் வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தான். மனிதர் நுழைய முடியாத பாத்திர அலமாரியைத் திறந்து அதிலும் பார்த்தான். அப்புறம் அம்மாவின் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டான். அன்று சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை.

பெரியவள் ரிப்பேர்க்காரரிடம் ஓடினாள். "பழசையே போட்டுடுங்கண்ணே."

அவள் நடந்ததைச் சொன்னதும் அவர் முதலில் விழித்தார், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். கழித்துப்போட்ட ஸ்பீக்கர்கள் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடந்தன, ஒவ்வொன்றும் சட்டைப் பட்டன் அளவு. அத்தனையையும் மேஜையில் கொட்டி, ஒவ்வொன்றாக ஒயரில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒன்று சீறியது, ஒன்று இருமியது, பல வாயே திறக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பெரியவள் தலையை ஆட்டி இல்லை என்றாள். கடைசியில் ஒன்றைத் தொட்டபோது அவள் தலையை ஆட்டவில்லை, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் கேட்காமலே புரிந்துகொண்டு அதைப் பொருத்தினார்.

"நல்லது செய்யறேன்னு நெனச்சு இப்படிப் பண்ணிட்டேனேம்மா."

"உங்க மேல என்னண்ணே தப்பு. கூடவே இருக்கற எனக்கே தெரியலையே."

வீட்டுக்கு வந்தாள். எப்போதும்போலத் தட்டில் சோறு போட்டு வைத்தாள். பட்டனை அமுக்கினாள். பழைய கரகரப்பு, அப்படியே, ஒரு குறையும் இல்லாத அதே குறை.

அம்மாவின் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. சின்னவன் ஓடி வந்தான். சுவரோரம் நிற்கவில்லை, நாற்காலியில் உட்காரவில்லை. வழி தெரிந்துவிட்டதே, நேரே அடுப்படிக்குள் வந்தான். அவன் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. இத்தனை மாதத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை. உள்ளே வந்து, அவளைத் தாண்டிப் பார்த்து, அந்தச் சிரிப்போடு அப்படியே நின்றான்.

அவனுக்குத் தெரிந்த சைகைகள் கொஞ்சம்தான். உள்ளங்கையை விரித்து நீட்டினால் 'எங்கே' என்று அர்த்தம். அம்மா போனதிலிருந்து அவன் அந்தக் கையை நீட்டவே இல்லை. அவன் கேட்காததால்தான் அவளால் நாளை ஓட்ட முடிந்தது. இப்போது நீட்டினான்.

பெரியவள் போனை நிறுத்தினாள்.

"அம்மா இல்லடா," என்றாள்.

அவன் கையை மடக்கவில்லை.

"அம்மா செத்துட்டாங்கடா." ஊரெல்லாம் தவறிட்டாங்க, போயிட்டாங்க என்று சொல்லித் திரிந்தவளுக்கு அந்த வார்த்தை அன்றுதான் முதன்முதலாக வாயில் வந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போனாங்கல்ல, அன்னைக்கே செத்துட்டாங்க. நான் உன்கிட்ட சொல்லல."

அவன் அவள் வாயையே பார்த்தான். புரிந்ததா, புரியவில்லையா, அந்த முகத்தில் யாரால் படிக்க முடியும். மறுபடி கையை நீட்டினான். அவள் மறுபடி சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அவளும் சளைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள், தட்டில் சோறு ஆறிப்போனது. ஒரு கட்டத்தில் நீட்டிய அந்தப் பெரிய கையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அழாத அழுகையை, வந்தவர்கள் முன்னால் அழாத அழுகையை, ஓவென்று அழுதாள்.

சின்னவன் குனிந்து பார்த்தான். நனைந்த கையை இழுத்துக்கொள்ளாமல், இன்னொரு கையை விரித்து மெதுவாக அவளிடம் நீட்டினான்.