ஓலைத் தட்டி

எங்கள் தீவில் கடைசியாக மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரர்கள் இரண்டே பேர், ஒரு இத்தாலிக்காரக் கிழவரும் அவர் மனைவியும். உலகமெங்கும் பரவிய தொற்றுநோயால் விமானம் நின்றுவிட்டது. நோய் வந்தால் இவர்களால்தான் வரும் என்று எனக்கு நிச்சயம். வெள்ளைக்காரர்கள் அரைகுறை உடுப்பில் கடலில் குளிப்பதை ஊர்க்கண்ணிலிருந்து மறைத்த ஓலைத் தட்டியைப் பிடுங்கிவந்து, அவர்கள் தங்கிய விடுதியைச் சுற்றி நானே கட்டினேன். காவலும் நானே. உட்கார மனசு வரவில்லை. வேலியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கிழவி கையசைத்தால்கூட, "உள்ள போ!" என்று கத்தினேன்.

"அவங்க ஒரு தடவைகூட இருமலையே, எதுக்கு இந்தக் குதி குதிக்கிறீங்க?" என்றாள் என் மனைவி ஸுல்ஃபா.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

வெள்ளிக்கிழமை தலைநகர் மாலேயிலிருந்து படகு வந்தது. வழக்கம்போல ஊரே துறைக்கு ஓடியது. நானும் காவலை விட்டு ஓடி வெங்காய மூட்டை இறக்கினேன்; ஊர் திரும்பிய மச்சான் நிஹாதைக் கட்டிப்பிடித்தேன். அவன் தும்மினான்.

"வெங்காய நெடி மச்சான்," என்றான். சிரித்தோம். நம்ம ஆள்தானே!

பத்தாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. அவனுக்கும் எனக்கும் நோய். இத்தாலிக்காரர்களுக்கு ஒன்றுமில்லை.

அவர்களை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு, என்னையும் அவனையும் அந்த விடுதியில் அடைத்தார்கள். மறுநாள் காலை தட்டி இடுக்கில் எட்டிப் பார்த்தேன். கிழவி வாசலில் தேநீர்க் குவளையை வைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று கையசைத்தாள்.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.