குத்தாலத்தில் கேரவன் நின்ற மத்தியானம்

1

இது என் குடும்பத்தில் நடந்தது. வேறு யாரும் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று நானே எழுதுகிறேன். ஆனால் ‘நான்’ என்று எழுதக் கூசுகிறது. அவர் என்றே இருக்கட்டும். பெயர் ஜேசுராஜ்.

2

‘கனடாவிலிருக்கும் மகன் ஏற்பாடு செய்த கேரவன், திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வேளாங்கண்ணிக்கு, காவிரிக் கரையோரமாக ஆற அமர...’

(அடித்துவிட்டேன். சுற்றுலா விளம்பரம் போல இருக்கிறது.)

பதினாறு வருடங்களுக்கு முன், மகள் விண்ணரசி ரிஜிஸ்டர் ஆபீசில் தமிழரசனைக் கட்டிக்கொண்ட அன்று ஜேசுராஜ் சொன்னார்: “இனிமே அவ என் வீட்டுப் படி ஏறக் கூடாது. நான் அவ வீட்டுல கை நனைக்க மாட்டேன்.”

கேரவனுக்கு அவர் சம்மதித்ததே அதனால்தான். அடுப்பு, படுக்கை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே. வழியில் எந்தச் சொந்தக்காரனையும் அண்ட வேண்டாம்.

3

மனைவி மரியபுஷ்பத்துக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து தூக்கித்தான் ஏற்றி இறக்க வேண்டும். குத்தாலத்தில் அவள் டிரைவர் செழியனிடம் வழி சொல்லி, ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கதவு திறந்தது. கீழே விண்ணரசி நின்றாள். காதோரம் நரை.

“அம்மாவப் பாக்கணும்ப்பா. ஏறட்டுமா?”

“இது வீடு.”

“சக்கரம் இருக்கே.”

“நான் படுக்குற இடம் என் வீடு.”

உள்ளே படுத்திருந்த மரியபுஷ்பம் சொன்னாள்: “மூணு நாள் வாடகை வண்டிங்க இது. இதுக்குமா கௌரவம்?”

[இந்த இடத்தில் ஜேசுராஜ்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு மனுஷன் இவ்வளவு கல்லாக இருப்பானா? விசாரித்துவிட்டேன். இருப்பான்.]

4

ஒரு முடிவு: “வா” என்கிறார்.

(பேனா எழுதிவிட்டது. அவர் வாய் திறக்கவில்லை.)

இன்னொன்று: வண்டியைக் கிளப்பச் சொல்கிறார். அவள் முகம்...

(வேண்டாம்.)

நடந்தது இது. தமிழரசன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தான். “என்னைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே மாமா?” என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். அவனும் செழியனுமாக மரியபுஷ்பத்தை உட்காரவைத்து இறக்கினார்கள். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் செழியன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். “அம்மா இங்கயே இருக்காங்களாம். நீங்க உள்ள வந்து, ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் கூப்பிட்டா வர்றாங்களாம்.”

அவர் தனியாக வேளாங்கண்ணிக்குப் போனார். மாதாவிடம் என்ன கேட்டார் என்பது குடும்ப விஷயம். எழுத மாட்டேன்.

5

திரும்பும் வழியில் வண்டி மறுபடி அந்த வாசலில் நிற்கிறது. உள்ளே இலை போடும் சத்தம். “ஹாரன் அடிக்கட்டுங்களா?” என்கிறான் செழியன்.

கீழே அரைப் பக்கம் விட்டிருக்கிறேன். அவரை இறக்கிவிட உங்களுக்கு மனம் வந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் படிக்க மாட்டேன்.