தறிக்குழி மேல் டைல்ஸ்

பத்திரப்பதிவு அலுவலகத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, வீட்டுச் சாவியை ஒரு விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார் அப்பாதுரை. வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருப்பவர். பிள்ளையார்பாளையத்தில் அவருக்கு இருந்த பழைய வீட்டைத்தான் வள்ளி இன்றைக்குத் தன் பெயரில் வாங்கப்போகிறாள். சாவி சுழலச் சுழல அவள் கண்ணும் அதன் கூடவே சுழன்றது.

"இன்னா தங்கச்சி, சாவியவே பாத்துக்கினு இருக்கே? கையெழுத்துப் போட்டதும் உன் கைக்குத்தான் வரப்போவுது" என்றார் தரகர் மயில்வாகனம்.

"அதுக்கு முன்னாடி ஒரு தபா வீட்ட எட்டிப் பாத்துட்டு வந்துடலாம்னு காலையிலேருந்து சொல்லிக்கினு இருக்கேன்ணா. யாரு காதுல ஏறுது?"

"டோக்கன் கூப்டுற நேரம்மா. வீடு இன்னா, எழுந்து நடந்தா போயிடும்?"

அவள் கணவன் குமரனும் தரகர் பக்கமே பேசினான். நல்ல நேரம் போய்விடுமாம். அப்பாதுரை மட்டும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "போயிப் பாரும்மா, அசந்துடுவே." வெள்ளையடித்து வைத்திருக்கிறார் போல என்று வள்ளி நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு இருந்த அவசரம் வேறு. வாடகை வீட்டைக் காலையிலேயே ஒழித்தாகிவிட்டது. தறியைக் கழற்றி, கட்டைகளையும் பூவேலைக்கான ஜக்கார்டு பெட்டியையும் குட்டியானை வண்டியில் ஏற்றி, வண்டி தெருமுனையில் நிற்கிறது. ஒரு கல்யாணப் புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் துணிமூட்டையில் காத்திருக்கிறது. நாளைக்கே தறி ஓட வேண்டும்.

எத்தனை வீடு பார்த்தாள்! சமையலறை பளபளக்கும், கூடத்தில் பாவை நீட்டி விரிக்க இடமிருக்காது. நீளமிருந்தால் குழி இருக்காது. இந்த வீட்டுக் கூடத்தில்தான் நெய்கிறவர் உட்கார்ந்து காலை இறக்கி மிதிக்கிற தறிக்குழி, யாரோ பழைய நெசவுக்காரர் பார்த்துப் பார்த்துக் கட்டியது, இருந்தது. முதல் நாளே வள்ளி புடவையைச் செருகிக்கொண்டு அதில் இறங்கிவிட்டாள். பக்கச் சுவரைக் கையால் தடவினாள். ஈரமே இல்லை. ஒரு கப்பலின் அடித்தட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதுபோல அங்கே ஓர் அமைதி. அப்போதே மனதுக்குள் குடிவந்துவிட்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள்; கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். பட்டிழை அறுத்துத் தேய்ந்த அவள் ரேகை மெஷினில் விழாமல், துடைத்துத் துடைத்து வைத்தபிறகு விழுந்தது. பணம் முழுசாக வந்ததா என்று அதிகாரி கேட்க, வந்தது என்றார் அப்பாதுரை. சாவி வள்ளியின் உள்ளங்கைக்கு வந்தது. அவர் விரலின் சூடு அதில் இன்னும் இருந்தது.

எல்லோருமாக வீட்டுக்கு வந்தார்கள். வள்ளி பூட்டைத் திறந்து, வலதுகாலை வைத்து உள்ளே போனாள். கால் வழுக்கியது.

கூடம் முழுக்க வெள்ளை டைல்ஸ். முகம் தெரிகிற பளபளப்பு. குழி இருந்த இடம் எது என்றே தெரியவில்லை.

"குழி எங்க?" என்றாள்.

"மூடியாச்சு!" அப்பாதுரை கையைத் தட்டினார். "அன்னைக்கு நீ குழில எறங்கிக்கினு, எவ்ளோ ஆழம், மழைக்குத் தண்ணி ஊறுமான்னு கேட்டுக்கினே இருந்தியா? பாவம், பொண்ணு பயப்படுதேன்னு மண்ணக் கொட்டி, மேல டைல்ஸ் போட்டுட்டேன். என் செலவுல! எவன் செய்வான் சொல்லு?"

"தங்கமான மனுசன்" என்றார் மயில்வாகனம்.

"தண்ணி ஊறுமான்னு கேட்டது தறி போடறதுக்கு!" வள்ளி கத்தினாள். "நெசவுக்காரி தறிக்குழியப் பாத்துப் பயப்படுவாளா? நெல்லப் பாத்து நீங்க பயந்து ஓடுவீங்களா?"

குமரன் அவள் முழங்கையைத் தொட்டான். "பெரியவரு ஆசையா செஞ்சிட்டாரு. வுடு வள்ளி. உள் ரூம்ல போட்டுக்கலாம்."

"உள் ரூம்ல பாவு நீட்டுங்க பாக்கலாம். செவுத்த ஒடச்சிக்கினு பக்கத்து வீட்டு அடுப்பு வரைக்கும் போவும்."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு வீரபாகு நூல் ஒட்டிய பனியனோடு வந்து எட்டிப் பார்த்தார். அவரும் நெசவாளிதான். தரையைப் பார்த்ததும், "அடப்பாவிங்களா" என்றார்.

"அண்ணா, வீட்டுல கடப்பாறை இருக்குதா?"

வீரபாகு ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பிப் போனார்.

அப்பாதுரைக்கு முகம் வெளுத்தது. "யம்மா, குடிவர்ற நாளும் அதுவுமா தரைய ஒடைக்கிறது ஆவாதும்மா! அபசகுனம்!"

"இருக்குற குழிய மூடுனது இன்னா சகுனம்? ஒரு போன் போட்டீங்களா? கேட்டீங்களா? இல்ல, கேட்டா நான் வேணாம்னுடுவேன்னு பயமா?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "நல்லது செய்றேன் நல்லது செய்றேன்னு ஆளாளுக்குச் செஞ்சிக்கினே இருங்க. யாருக்குச் செய்றீங்களோ அவங்களக் கேக்காதீங்க!"

இந்தக் கடைசி வார்த்தை தனக்கும் சேர்த்துத்தான் என்று குமரனுக்குப் புரிந்திருக்க வேண்டும். கடப்பாறை வந்ததும் அவன் கை நீட்டினான். வள்ளி கொடுக்கவில்லை. வாசலிலிருந்து கண்ணால் அளந்து, சாமி மாடத்துக்கு நேரே நின்று, ஓங்கிப் போட்டாள். டைல்ஸ் நட்சத்திரம்போல விரிந்து உடைந்தது.

"ஓரமா அடிம்மா, எல்லாம் போயிடும்!" அப்பாதுரை பதறிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வெளிய நில்லுங்க. இது என் வீடு."

அவர் நின்றார். வாசற்படியைப் பார்த்தார், காலையில்கூட அது அவருடையதாக இருந்தது. மெதுவாகப் பின்வாங்கி இறங்கி வெளியே போய் நின்றுகொண்டார். மயில்வாகனம் எப்போது நழுவினார் என்று யாரும் பார்க்கவில்லை.

நல்ல வேளை, அடியில் சிமெண்ட் இல்லை, வெறும் ஆற்றுமணல்தான். குமரன் மண்வெட்டியோடு இறங்கினான். வள்ளி கூடை கூடையாக வாரிக் கொட்டினாள். காய்ச்ச வேண்டிய பால் பாத்திரத்தில் அப்படியே இருந்தது. அரை ஆள் ஆழத்துக்கு மணலை அள்ளியதும் பழைய பக்கச் சுவர் முழுசாகத் தெரிந்தது. ஒரு கல்லும் பெயரவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

"யம்மா" என்று வெளியிலிருந்து ஒரு குரல். அப்பாதுரை வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். "உள்ள வரலாமா?"

வள்ளி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இன்னொரு கூடையை நிரப்பி முடித்தாள்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க" என்றாள். "இத எடுத்துக்கினு போயி வெளிய கொட்டுங்க."