பழனிமுத்துவின் ஈரல்

யட்டவத்தையில் பள்ளிவாசல் தலைவர் யாகூப் ஹாஜியாரைப் போல வீறாப்பான மனிதரைக் காண்பது அரிது. வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. ஆனாலும் ஈரல் சுருங்கிவிட்டது. குடிகாரன் நோய் தனக்கு வந்ததென்று ஊர் அறிந்தால் மானம் கப்பலேறிவிடும் அல்லவா? அதனால் மாத்தளை டாக்டரிடம் அவர் கொடுத்த பெயர் பழனிமுத்து. அவருடைய மிளகுக் கடையில் மூட்டை தூக்குபவன். சனிக்கிழமை தவறாமல் குடிப்பவன்.

இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்த மனைவி றம்லாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டுகள் ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தெட்டாயிரம். அப்படிக் குறைந்தால் உணவுக்குழாயின் இரத்த நாளங்கள் புடைத்திருக்கும், எந்நேரமும் வெடித்து இரத்த வாந்தி வரலாம், புதன்கிழமையே கண்டியில் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெயரை மாற்றும்படி றம்லா மன்றாடினாள். கண்டியில் தன்னை யாருக்குத் தெரியும் என்றார் ஹாஜியார்.

கண்டியில் தெரியாதுதான். ஆனால் யுத்தம் நடந்த தொண்ணூற்றெட்டில் சோதனைச் சாவடி இல்லாத வழி ஏது? கண்டி பஸ்ஸை நிறுத்திப் பையைக் கிளறிய சிப்பாய் அடையாள அட்டையையும் ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தான். யார் இந்தப் பழனிமுத்து? தமிழ்ப் பெயர் என்றாலே புலியோ என்று சந்தேகிக்கும் காலம். தன் வேலைக்காரன், அவனுக்காகக் கொண்டுபோவதாக ஹாஜியார் சிங்களத்தில் அளந்தார். அப்படியானால் அவனைப் பிடித்து வரும்வரை இங்கேயே நில்லுங்கள் என்று சொல்லி, சிப்பாய் ஜீப்பைக் கூப்பிட்டான். பஸ் ஜன்னல்களில் ஊர்த் தலைகள் முளைத்தன.

ஹாஜியார் தலையாட்டிவிட்டு ஓரமாக நின்றார்.

"ரத்தம் உங்கட, பேரு மட்டும் அவன்டயா?" என்றாள் றம்லா. "அவன் கேம்ப்ல அடி வாங்கணும், நீங்க பெரிய மனிசனா ஈக்கணும். நல்ல நியாயம்."

வேறு வழியில்லாமல் ஹாஜியார் உண்மையைக் கக்கினார். குடிக்காதவருக்கு இந்த நோயா என்று சிப்பாய்க்கு நம்பிக்கை வரவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, மூக்கை நுழைக்காத குறையாக மணந்து பார்த்தான். பிறகு ஜீப்பை வேண்டாம் என்றுவிட்டு, பஸ்ஸைப் பார்த்து, இவர் குடிக்கவில்லை என்று உரக்க அறிவித்தான். பஸ் குலுங்கிச் சிரித்தது.

இருக்கையில் சுருண்ட கணவரிடம் றம்லா குனிந்து சொன்னாள்: "ஆஸ்பத்திரியில சொந்தப் பேரைச் சொல்லுவீங்களா? இல்லாட்டி அங்கயும் ஒருத்தன் மணந்து பாக்கணுமா?"

ஆஸ்பத்திரி ஜன்னலில் எழுதுவினைஞர் நிமிர்வதற்குள்ளேயே ஹாஜியார் தன் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொல்லிவிட்டார்.